ஜனாதிபதி உடைத்த பூசணிக்காய்

1

நான் இருக்கும் நாட்டின் பழைய ஜனாதிபதி சிறையில் செத்துப்போன செய்தியைக் குமுளியிலிருந்துதான் முதலில் கேட்டேன். அந்தச் சிறை எனக்கு அரை நாள் பஸ் தூரம். குமுளிக்கும் எனக்கும் நடுவே கடலே இருக்கிறது. ஆனாலும் அக்கா முந்திக்கொண்டாள்.

"எலே தம்பி, உங்க ஊரு பிரசிடண்டு செத்துட்டானாம்லா. டிவியில ஓடுது."

"எந்த பிரசிடண்டு?"

"எனக்கென்னலே தெரியும். இங்க பிரசிடண்டுன்னா பஞ்சாயத்து பிரசிடண்டு. இவன் நாட்டுக்கே பிரசிடண்டா இருந்தவனாம். மொட்டத்தலை. போட்டோவுல கையில கத்தி வச்சிருக்கான். நீ ஒருக்கா சாட்சி சொல்லப் போனியே, அவந்தான?"

"அவந்தான்."

"நல்லவனா, கெட்டவனா?"

"கெட்டவன்க்கா."

"பொறவு எதுக்குலே அவனுக்குச் சாட்சி சொன்னே?"

அவளுக்குப் போனில் பதில் சொல்லி மாளாது. அதனால் எழுதுகிறேன். குமுளியிலும் வண்டிப்பெரியாற்றிலும் இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு என்னிடம் சுகம் மட்டும் விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. நாட்டின் பெயரை எழுதவில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு தேயிலை மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். காலையில் தொழிற்சாலைக்குப் போய் பாய்லருக்கு விறகு போடுகிறேன், மாலையில் கைகால் கழுவி வீட்டுக்கு வருகிறேன். இத்தனை வருடமாக மாறாதது அது ஒன்றுதான்.

2

எங்களுக்குள் அவரைக் கங்காணி என்றுதான் சொல்வோம். பெயர் சொல்லிப் பேசினால் பக்கத்தில் இருப்பவன் காது நீளும். கங்காணி என்ற பட்டமும் பொய்யில்லை. அவர் பிறந்தது நான் வேலை செய்யும் இதே எஸ்டேட்டில், கொழுந்து பறித்த ஒருத்திக்கு. அப்பா யார் என்பதற்கு மூன்று கதைகள் உண்டு. மூன்றையும் மேடைக்கு ஏற்றபடி அவரே சொல்லியிருக்கிறார். மீசை முளைக்கும் முன்பே கவாத்து வேலைக்கு வந்துவிட்டார். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதைத்தான் கவாத்து என்கிறோம். கிளை பிளக்காமல், தண்ணீர் தங்காதபடி, சாய்வாக ஒரே வெட்டு வெட்ட வேண்டும். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கவாத்துக் கும்பலுக்குத் தலைவராகவும் ஆனார்.

ஒரு நாள் வெள்ளைக்கார மேனேஜர் அவரைப் பூட்ஸ் காலால் முகத்தில் உதைத்தான். முன்பல் போனது. அவர் அன்றே மலையிறங்கிப் பட்டாளத்தில் சேர்ந்தார். பின்னால் அந்த இடத்தில் தங்கப்பல் கட்டிக்கொண்டார்.

பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபோது அவர் சார்ஜெண்ட். வானொலி நிலையத்தைப் பிடித்தது அவர் ஆட்கள். வாசலில் நின்ற காவலர்களின் உடல்களைத் தாண்டித்தான் அறிவிப்பாளர் உள்ளே போனாராம். ஆட்சியில் உட்கார்ந்த ஜெனரல் இவரை மந்திரியாக்கினார். இரண்டு மழைக்காலம் கழித்து ஜெனரல் தன் வீட்டுக் கிணற்றில் மிதந்தார். பிறகு கங்காணி தேர்தல் வைத்து, அதில் நின்று, ஜெயித்து ஜனாதிபதியானார். ரோடு போட்டார். எஸ்டேட்டுகளில் அடிப்பதை நிறுத்தினார். ஆஸ்பத்திரி கட்டினார். அதையும் சொல்ல வேண்டும். என் மகள் தேவி பிறந்தது அவர் கட்டிய ஆஸ்பத்திரியில்தான்.

3

நான் எப்படி இங்கே வந்தேன் என்பதற்குக் குமுளிக்குப் போக வேண்டும்.

அங்கே நாங்கள் ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளுக்கு ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் இருந்தோம். அப்பாவுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு எரிக்கும் வேலை. ஆயுத பூஜைக்கு ஸ்டோரைக் கழுவி, வாக்கத்தி, மண்வெட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். கடைசியில் வெள்ளைப் பூசணிக்காயில் துளை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, வாசலில் வைத்து உடைப்போம். உடைக்கிறவருக்கு அது பெரிய மரியாதை. அதனால் யார் அதிகாரத்தில் இருக்கிறாரோ அவரைக் கூப்பிட்டுத்தான் உடைக்கச் சொல்வோம். எங்கள் வழக்கம் அது. வருடா வருடம் மேனேஜர் உடைப்பார். கத்தியை நீட்டுவது அப்பா.

ஒரு வருடம் மேனேஜர் லீவில் போய்விட்டார். இரண்டு யூனியன் தலைவர்களும் வந்து நின்றார்கள்.

"நம்ம யூனியன்லதான ஆளு ஜாஸ்தி. கத்திய இங்க கொடும்வே."

"ஜாஸ்தி ஆள வச்சு என்ன செஞ்சீரு? போனஸ் வாங்கிக் குடுத்தது நாங்க."

அப்பா ஒருவர் பக்கம் கையை நீட்டினார். யோசித்து நீட்டவில்லை. அவர்தான் கிட்டத்தில் நின்றார். மற்றவரின் ஆள் ஒருவன் பூஜை வரிசையிலிருந்து சந்தனம் காயாத ஒரு வாக்கத்தியை எடுத்து, நீட்டிய கையிலேயே போட்டான். மணிக்கட்டு தோலில் தொங்கியது. ஜீப்பில் கம்பத்துக்கு இறங்கும் வழி முழுக்க அப்பா ஒரு சத்தமும் போடவில்லை. டிரைவர்தான் வாந்தி எடுத்தான். பதிலுக்கு அன்று சாயங்காலமே குமுளி பஸ் ஸ்டாண்டில் இன்னொருவன் குடல் சரிந்தது. கடைகளை அடைத்தார்கள். போலீஸ் வந்து லயத்து ஆண்களை வரிசையாக உட்காரவைத்து அடித்தது.

கை போனவருக்கு ஸ்டோரில் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு லயத்தில் வீடு இல்லை. வந்த பஸ்ஸில் நான் ஏறினேன். கம்பம், திருப்பூர், கடைசியில் கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்பு ஆலை. எலப்புள்ளியில் ஒரு விவசாயி வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். அந்த வீட்டுப் பெண்தான் சரசு. அவள் அப்பா எங்கள் இரண்டு பேரையும் அரிவாளோடு துரத்தியது தனிக் கதை. தேயிலைத் தொழிற்சாலைக்கு பாய்லர் ஆள் வேண்டும் என்று ஏஜெண்ட் சொன்னபோது நாடு எது என்றுகூட நான் கேட்கவில்லை. சரசு கேட்டாள். "ஏனுங்க, அங்க பூமிக்குத் தண்ணி இருக்குங்களா?" அவ்வளவுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

4

இங்கே எங்களைப் போல இடுக்கியிலிருந்து வந்த சில குடும்பங்கள் இருந்தன. ஆயுத பூஜை வந்தால் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கும் கவாத்துக் கத்திகளுக்கும் குங்குமம் வைப்போம். பூசாரி இல்லாததால் நானே கற்பூரம் காட்டுவேன். வெள்ளைப் பூசணி இங்கே கிடையாது. வெளிர்த்தோலில் மனிதத் தலை அளவுக்கு ஒரு காய் விளைகிறது, அதை வைத்துச் சமாளித்தோம்.

தேவிக்கு அப்போது நான்கைந்து வயது. கங்காணி அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு, பிறந்த எஸ்டேட்டுக்கு வந்தார். அன்று எங்களுக்குப் பூஜை. மேனேஜர் வேர்த்து ஓடிவந்து, "முதல் மரியாதை ஜனாதிபதிக்கு" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நாங்கள் அதைத்தான் செய்திருப்போம். பெரிய மனிதர் வாசலில் நிற்கும்போது வேறு யாரிடம் கத்தியைக் கொடுப்பது? நான் அவர் நெற்றியில் பொட்டு வைத்து, கத்தியின் பிடி அவர் பக்கம் இருக்கும்படி இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் கத்தியைக் கையில் எடை பார்த்தார். தோள் தன்னால் சாய்ந்தது. ஒரே வெட்டு. குங்குமத் தண்ணீர் பீறிட்டு அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பானது.  அவர் சட்டையைப் பார்த்தார், தங்கப்பல் தெரியச் சிரித்தார். பிறகு கூட்டம் ஊளையிட்டது. தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாவற்றையும் படம் பிடித்தார்கள்.

"இது எதற்கு?" என்று என்னிடம் கேட்டார்.

"கண் படாமல் இருக்க. எதிரி கண், பொறாமைக் கண், சொந்தக்காரன் கண், எல்லாவற்றுக்கும்."

"எதிரி" என்றார். மற்றதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை.

அடுத்த வாரம் தலைநகரில் நடந்த கூட்டத்தில் மேடைக்கு ஒரு பூசணிக்காய் வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் பெயரைச் சொல்லி உடைத்தார். பிறகு ஊர் ஊராக உடைத்தார். கட்சிக் கொடியில் கத்தி ஏறியது. உள்ளே சிவப்புச் சாயம் ஊற்றிய காய்களைக் கூட்டத்துக்கு முன்பே லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் வீட்டில் சரசு பூசணிக்காய்க் குழம்பு வைப்பதை நிறுத்திவிட்டாள்.

5

கடைசித் தேர்தலில் அவர் தோற்றார். முடிவுகளை வானொலி பாதியில் நிறுத்தியது. மறுநாள் காலை எஸ்டேட்டுக்கு ஒரு லாரி வந்தது. துப்பாக்கி வைத்திருந்தவன் ஸ்டோர் சாவி கேட்டான், மேனேஜர் கொடுத்தார். கவாத்துக் கத்திகளைக் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டு போனார்கள். பாய்லர் வாசலில் நின்று எல்லோரும் பார்த்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தத் துப்பாக்கி கேள்வி கேட்பவர்களுக்காகத்தான் வந்திருந்தது.

பிறகு நடந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அது வாசலில் நடந்தது. வாய்க்காலில் தண்ணீர் நிறம் மாறி வந்தது. சந்தையில் ஒரு கசாப்புக் கடை மேசையில் மனிதக் கைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டதாகச் சந்தேகப்பட்ட வீடுகளுக்கு முன்னால் காலையில் பிளந்த பூசணிக்காய் கிடக்கும். மாலைக்குள் அந்த வீட்டில் ஆள் இருக்காது. ஓடியிருப்பார்கள், இல்லையென்றால் செத்திருப்பார்கள்.

அப்படிச் செத்தவர்களில் ஒருவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். ஓட்டு எண்ணப் போனதுதான் அவர் குற்றம். பள்ளிக்குப் பின்னால் குட்டையில் கிடந்தார். அவர் மகன் டேனியல்தான் தூக்கினான். தேவியோடு கல்லூரியில் படித்தவன், பின்னால் என் மருமகன் ஆனவன். கல்யாணத்துக்கு முன்பே அவனிடம் பூஜையைப் பற்றிச் சொன்னேன், லாரியைப் பற்றியும் சொன்னேன். அவன் முழுவதும் கேட்டான். பிறகு, "அப்பாவின் கழுத்தில் இருந்தது சாய்வான ஒரே வெட்டு. கவாத்துக்காரன் வெட்டு. நீங்கள் பாய்லர்காரர்" என்றான். அதோடு முடித்துக்கொண்டான்.

6

கங்காணி பக்கத்து நாட்டுக்கு ஓடினார். பிடித்துக் கொண்டுவந்தார்கள். வழக்கு நடந்தது. அரசு வக்கீல் முதல் நாளே எங்கள் பூஜைப் படத்தைக் கோர்ட்டில் ஓட்டினார். கொலைகாரர்கள் சத்தியம் செய்த சடங்கு இது என்றார். அந்நிய நாட்டு மந்திரவாதிகள் ஜனாதிபதிக்குக் கத்தியை ஓதிக் கொடுத்தார்கள் என்றார். சாயங்காலத்துக்குள் எல்லோர் போனிலும் என் முகம் இருந்தது.

எங்களில் முருகேசன் என்று ஒரு ஃபிட்டர், வண்டிப்பெரியாற்றுக்காரன். வெள்ளிக்கிழமை நெற்றியில் குங்குமத்தோடு சந்தைக்குப் போனான். நெற்றியைப் பார்த்தே சூழ்ந்துகொண்டார்கள். கல்லால் அடித்து, விழுந்த பிறகு மண்வெட்டியால் அடித்தார்கள். அடித்தவர்கள் கங்காணியின் ஆட்கள் இல்லை. அந்த ஆட்களிடம் அப்பனையும் மகனையும் பறிகொடுத்தவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முருகேசன் செத்தான்.

அந்த வாரமே எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து எனக்கு ஆள் வந்தது. பூஜை என்றால் என்ன என்று கோர்ட்டில் சொல்ல வேண்டும். கேட்பது கங்காணியின் வக்கீல். அதுதான் சிக்கல்.

தேவி ஞாயிற்றுக்கிழமை டேனியலோடும் குழந்தையோடும் வந்தாள். அவள் தமிழ் பாதிதான், கோபம் வந்தால் அதுவும் தேயும். அன்று முழுத் தமிழில் பேசினாள்.

"அப்பா, நீ போகக் கூடாது. டேனி அப்பாவைக் கொன்னவனுக்கு நீ பேசுவியா?"

"அவனுக்கு இல்லம்மா. பூசணிக்காய்க்கு."

"கோர்ட்டுல பூசணிக்காய் நிக்கலப்பா. அவன்தான் நிக்கிறான்."

சரசு குறுக்கே வந்தாள். "ஏங் கண்ணு, முருகேசம் பொண்டாட்டி இன்னும் அந்த ரத்தச் சீலையத் தொவைக்கலையாட்டங்குது. நாளைக்கு நம்மூட்டுக் கதவத் தட்டுனா நீ வந்து பதில் சொல்லுவியா? ஏனுங்க, நீங்க போய்ச் சொல்லிப்போட்டு வாங்க."

டேனியல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "நீங்கள் சொல்லப்போவது உண்மைதான்" என்றான் அவன் மொழியில். "அந்த உண்மை அவனைத் தப்பிக்க வைத்தால், எங்கள் வீட்டுக்கு வராதீர்கள்."

போனேன். கோர்ட்டில் என் பிறந்த ஊர், மதம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். 'இந்தியா, கேரளம், தமிழ்' என்று சொன்னால் எழுதுகிறவருக்குக் குழப்பம். மூன்றில் ஒன்றைச் சொல்லு என்றார். தலைநகரத்துத் தமிழ்க் கடைக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தியை மொழிபெயர்க்க வைத்திருந்தார்கள். கவாத்து என்றதும் அவள் விழித்தாள். அவளைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு எனக்குத் தெரிந்த அளவில் இவர்கள் மொழியிலேயே பேசினேன். பூசணிக்காயைப் பற்றிச் சொன்னேன். கண்ணேறு பற்றிச் சொன்னேன். யார் பெரியவரோ அவரிடம் கத்தி கொடுப்போம் என்று சொன்னேன்.

"நன்றி. போகலாம்" என்றார் அவருடைய வக்கீல்.

நான் கூண்டிலிருந்து இறங்கவில்லை. "லாரியில் கத்தி போனதையும் பார்த்தேன்" என்றேன்.

"கேட்டதற்கு மட்டும் பதில்."

"அவர் பேசட்டும்" என்றார் நீதிபதி. லாரியைச் சொன்னேன். துப்பாக்கிக்காரன் சட்டையில் ஜனாதிபதி காவல்படையின் பட்டை இருந்ததைச் சொன்னேன்.

அரசு வக்கீல் எழுந்தார். "உங்கள் ஊரில் இந்தச் சடங்கில் யாருக்கும் காயம் பட்டதில்லையா?"

"என் அப்பாவின் கை போனது" என்றேன். கூண்டில் நிற்பவன் பொய் சொல்லக் கூடாது.

கங்காணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசணிக்காய்க்குச் சிரித்தவர் லாரிக்கும் அதே மாதிரி சிரித்தார்.

படத்தை வழக்கிலிருந்து நீக்கினார்கள். அதை நம்பியிருந்த ஒரு குற்றச்சாட்டு விழுந்தது. மற்றவை நின்றன. ஆயுள் தண்டனை. எங்களைச் சந்தையில் அடிப்பது நின்றது. முருகேசனைக் கொன்றவர்களை இதுவரை யாரும் தேடவில்லை. பத்திரிகைகள் என்னை 'ஜனாதிபதியின் சாட்சி' என்று எழுதின. லாரியைப் பற்றி இரண்டு வரி, அதுவும் உள்பக்கத்தில். தேவி போன் எடுப்பதை நிறுத்தினாள். அம்மாவோடு மட்டும் பேசுவாள். பேரன் பள்ளிக்கூடம் சேர்ந்ததை சரசு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவனுக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் வராதாம்.

7

அக்கா போன் செய்த மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நான்கு பேர் நின்றார்கள். கட்சிச் சட்டை. ஒருவன் கையில் மாலை, ஒருவன் கையில் பூசணிக்காய், மூன்றாமவன் துணியில் சுற்றிய கத்தி. வயதானவன் என்னைக் கட்டிப் பிடித்தான்.

"எல்லோரும் தலைவரைக் கைவிட்டபோது நீதான் நின்றாய். ஊர்வலம் இங்கிருந்து கிளம்புகிறது. பெட்டிக்கு முன்னால் நீ உடைக்க வேண்டும். தலைவருக்குக் கற்றுக்கொடுத்த கை."

தலைநகரிலிருந்து படம் பிடிப்பவர்கள் வருகிறார்களாம். நாடே பார்க்குமாம். நாடு பார்த்தால் டேனியலும் பார்ப்பான். எனக்கு அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

"செத்த வீட்டில் உடைக்கிற வழக்கம் இல்லை" என்றேன். "செத்தவர் மேல் யாரும் கண் வைப்பதில்லை."

"கட்சிக்காக உடை. கட்சி சாகவில்லை."

"நான் கோர்ட்டில் பேசியது பூசணிக்காய்க்காக. அவருக்காக இல்லை."

வயதானவன் முகம் மாறவே இல்லை. கத்தி வைத்திருந்தவனைப் பார்த்தான். அவன் துணியை உதறி, கத்தியின் முதுகால் என் வலது தோளில் போட்டான். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. மண்டி போட்டேன். பிடியை என் கையில் திணித்தார்கள். விரல்களை நான் மடக்கவில்லை. கத்தி விழுந்தது. மறுபடி திணித்தார்கள், மறுபடி விழுந்தது. இடது கையில் வைத்து விரல்களை அவர்களே மடக்கினார்கள். விட்டதும் நான் திறந்தேன். கத்தியைத் திருப்பிக் கூர்ப்பக்கத்தைக் கழுத்தில் வைத்தான். சாய்வாகத்தான் வைத்தான்.

சரசு அடுப்பிலிருந்த கஞ்சிப் பானையோடு வெளியே வந்தாள். சொல்லிவிட்டெல்லாம் ஊற்றவில்லை. கத்தி வைத்திருந்தவன் முகத்தில் அப்படியே கவிழ்த்தாள்.

"நாசமாப் போறவனுகளா, எழவூட்டுல போய் அழுவுங்கடா. இங்க என்னடா மசுருக்கு வந்தீங்க?"

அவர்களுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முருகேசன் மனைவி கடப்பாரையோடு நின்றாள். வெந்தவனை இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது வயதானவன் பூசணிக்காயை எங்கள் சுவரில் எறிந்தான். மறுபடி வருவோம் என்றான். வருவார்கள்.

கங்காணி கட்டிய ஆஸ்பத்திரியில்தான் தோளுக்குக் கட்டுப் போட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சரசுவின் போன் அடித்தது. தேவி. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஆமா கண்ணு... நாலு பேரு... உசுருக்கு ஒண்ணுமில்ல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒடைக்கல கண்ணு. கத்தியவே புடிக்கல. கைய இப்படி விரிச்சுட்டே இருந்தாரு."

அந்தப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம் எனக்கே கேட்டது. சரசு அதை என் இடது காதில் வைத்தாள்.

டேனியல். கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைசியாகக் கேட்ட குரல்.

"தோள் எப்படி இருக்கிறது?" என்றான்.

ஒன்றுமில்லை என்றுதான் வாயில் வந்தது. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன்.

"வலிக்கிறது" என்றேன்.